சீருடையா, பட்டமா? ஜவ்வாது மலைக்கு எட்டாத கேள்வி

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் நிலையில், கணிதத்திலும் இயற்பியலிலும் தேர்ந்த மாணவர் ஒருவர் முன்பு இரண்டு வாயில்கள் தென்படுகின்றன. ஒன்று, புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாதெமி. மற்றொன்று, ஐஐடி போன்ற முதல்நிலை உயர்கல்வி நிறுவனம். இரண்டிலும் நுழைவது கடினம். இரண்டுமே நுழைந்தவரின் வாழ்க்கைப் போக்கை மாற்றக் கூடியவை. பெருநகரங்களின் நடுத்தரக் குடும்பங்களில் எதைத் தெரிவு செய்வது என்ற விவாதம் ஆண்டுதோறும் நடக்கிறது. பெரும்பாலும் அது 'நாட்டுப்பற்றா, வருமானமா?' என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தத் தெரிவின் முழு எடையை அறிய வேண்டுமானால், அதைப் பெருநகரத்தில் வைத்துப் பார்த்தால் போதாது. தவறான தெரிவைத் தாங்கிக்கொள்ளச் சேமிப்பும் இல்லாத, வழிகாட்ட முன்னோடியும் இல்லாத குடும்பம் ஒன்றின் இடத்திலிருந்து அதைப் பார்க்க வேண்டும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலை அதற்கு ஏற்ற இடம்.

இந்த மலையில் வாழ்பவர்களில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் புளியும் தேனும் அவர்களது வாழ்வாதாரத்தின் பகுதிகள்; எஞ்சியது சமவெளிக்கு இறங்கிச் செய்யும் கூலி வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காடாக இருந்தபோது, மாநிலத்தின் பழங்குடியினரிடையே அது 54 விழுக்காடாகவே இருந்தது. கூலி தேடிச் செல்வது எங்கு கொண்டுபோய் விடும் என்பதை 2015 ஏப்ரல் 7 அன்று நாடே பார்த்தது. ஆந்திரத்தின் சேஷாசலம் வனப்பகுதியில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் பலர் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

அண்மைக் காலத்தில் இச்சித்திரம் மெல்ல மாறி வருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர், 2024இல் தம் 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். அதே ஆண்டில் பச்சைமலையின் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி திருச்சி என்ஐடியில் இடம்பெற்றார். 2025இல் சேலம் மாவட்டம் கருமந்துறைப் பகுதியைச் சேர்ந்த மாணவி சென்னை ஐஐடிக்குத் தகுதி பெற்றார். மூவரும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே, 'எங்கே சேர்வது?' என்ற கேள்வி மலைவாழ் குடும்பங்களின் வாசலுக்கும் வரத் தொடங்கிவிட்டது. அதற்கு உணர்ச்சி சார்ந்த விடையைவிடக் கணக்கு சார்ந்த விடையே அவர்களுக்கு உதவும்.

அகாதெமியின் கணக்கு

முதலில் தேசிய பாதுகாப்பு அகாதெமியை எடுத்துக்கொள்வோம். மத்திய பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் எழுத்துத் தேர்வு, அதன்பின் ஐந்து நாள் நடைபெறும் ஆளுமைத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைக் கடந்தவர்களே அங்கு சேர முடியும். ஒரு தேர்வுச் சுற்றுக்கு, கடற்படை அகாதெமியையும் சேர்த்து, ஏறத்தாழ 400 இடங்கள் மட்டுமே உண்டு. உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அளித்த இடைக்கால உத்தரவால் பெண்களுக்கும் கதவு திறந்தது. முதல் அணிப் பெண்கள் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

தங்குமிடம், உணவு, சீருடை, நூல்கள், மருத்துவம் என மூன்றாண்டுப் பயிற்சியின் செலவை அரசே ஏற்கிறது. மாணவரின் கைச்செலவு மட்டுமே குடும்பத்தின் பொறுப்பு; வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதற்கும் ஓரளவு உதவி கிடைக்கிறது. பயிற்சி முடிவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் வழங்கப்படுகிறது. நான்காம் ஆண்டில் டேராடூன் போன்ற படைப்பிரிவு அகாதெமிகளில் பயிற்சி பெறும்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதிகாரியாகப் பொறுப்பேற்றதும் அதே அடிப்படை ஊதியத்துடன் 15,500 ரூபாய் ராணுவப் பணி ஊதியமும் அகவிலைப்படியும் சேர்கின்றன. அதாவது, பொறியியல் படிக்கும் சக மாணவர் இறுதியாண்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும்போதே, இவர் வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கிவிடுகிறார். வேலை கிடைக்குமா என்ற ஐயமே இவருக்கு இல்லை.

ரூபாயில் அளக்க முடியாத ஒரு பயனும் உண்டு. அகாதெமியில் ஒரே சீருடை, ஒரே உணவு, ஒரே காலை ஓட்டம். தகப்பனார் என்ன செய்கிறார், நுழைவுத்தேர்வில் தரவரிசை என்ன என்ற விசாரணைக்கு அங்கு இடம் குறைவு. உயர்கல்வி நிறுவனங்களின் விடுதிகளில் நிலைமை அப்படி இருப்பதில்லை. தரவரிசையைக் கேட்டுச் சாதியை ஊகிக்கும் பழக்கம் பரவியிருந்ததால்தான், சக மாணவர்களிடம் நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்கக் கூடாது என்று மும்பை ஐஐடி 2023இல் வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது.

இனி, கணக்கின் மறுபக்கம். அகாதெமியில் சேரும்போது பெற்றோர் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திடுகின்றனர். பயிற்சியின் நடுவே மாணவர் தாமாக விலகினால், பயிற்சிச் செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அதிகாரியான பின்னர் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற 20 ஆண்டுப் பணி தேவை. அதற்கு முன்பு விலக விரும்பினாலும் அரசின் ஒப்புதல் வேண்டும். பதினேழு வயதில் எடுக்கும் முடிவு, நாற்பதைத் தாண்டும் வரை ஒருவரைக் கட்டிவைக்கிறது. பயிற்சியில் ஏற்படும் உடற்காயம் இன்னொரு இடர். பயிற்சியின்போது உடல் ஊனமுற்று வெளியேற்றப்பட்டவர்கள் 1985 முதல் ஏறத்தாழ 500 பேர். அவர்கள் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இன்றி, சொற்ப உதவித்தொகையில் வாழ்வதை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதன் பிறகே முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் அவர்களும் சேர்க்கப்பட்டனர்.

பல்கலைக்கழகத்தின் கணக்கு

ஐஐடிக்களில் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. 2016இல் ஆண்டுக் கல்விக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தப்பட்டபோது, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அது முழுமையாக விலக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் படித்து முதன்மை உயர்கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்களின் பட்டப்படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசும் அறிவித்துள்ளது. ஆகவே, 'ஐஐடி செலவு மிக்கது, அகாதெமி இலவசம்' என்ற வேறுபாடு மலைவாழ் மாணவரைப் பொறுத்தவரை பெருமளவு தேய்ந்துவிட்டது.

ஆனால், இங்கே விளைவு உறுதியானதன்று. 2021-22ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் 2023-24இல் பெரும்பாலான ஐஐடிக்களில் வேலைவாய்ப்பு விகிதம் குறைந்துள்ளதை நாடாளுமன்ற நிலைக்குழு 2025இல் சுட்டிக்காட்டியது. ஐந்தாண்டுகளில் ஐஐடிக்களிலிருந்து விலகிய பழங்குடி மாணவர்கள் 408 பேர் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் சிலர் வேறு படிப்புக்கு மாறியிருக்கலாம். எனினும், நுழைந்துவிட்டாலே கரையேறிவிட்டதாகக் கருத முடியாது என்பதற்கு அந்த எண் போதிய சான்று.

உயர்நிலை நிறுவனத்தில் படிப்பதால் உண்மையில் கூடுதல் பயன் உண்டா என்பது பொருளியலில் நெடுநாள் விவாதம். அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. திறனில் ஒத்த மாணவர்களை ஒப்பிட்டு அவர்கள் கண்டது இது: புகழ்பெற்ற கல்லூரியில் படித்தவருக்கும், அங்கு இடம் கிடைத்தும் சற்றுச் சாதாரணமான கல்லூரியில் படித்தவருக்கும் பிற்கால வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. திறமையுள்ள மாணவர் எங்கு படித்தாலும் முன்னேறிவிடுகிறார். ஆனால், அந்த ஆய்விலேயே ஒரு விதிவிலக்கும் தென்பட்டது. வறிய பின்னணியிலிருந்து வருபவர்களுக்குப் புகழ்பெற்ற கல்லூரியால் கிடைக்கும் பயன் குறிப்பிடத்தக்க அளவு அதிகம்.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நகரத்து மருத்துவரின் மகனுக்குத் தொடர்புகளையும் தகவல்களையும் குடும்பமே தந்துவிடுகிறது. ஜமுனாமரத்தூர் மாணவிக்கு அவற்றைத் தர நிறுவனத்தை விட்டால் வேறு யாரும் இல்லை. எனவே, 'எங்கு படித்தால் என்ன, படிக்கிற பிள்ளை எங்கும் படிக்கும்' என்ற பழமொழிபோன்ற ஆறுதல், வசதி உள்ளவர்களுக்கே பொருந்தும்.

திரும்பி வரும் வழி

இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். ஆண்டு வருமானத்தையோ மதிப்பையோ கொண்டு இவற்றில் ஒன்றை உயர்ந்தது என்று கூறிவிட முடியாது. ஆனால், இரண்டுக்கும் இடையே அமைப்பிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து ராணுவத்துக்குச் செல்லப் பல வழிகள் உள்ளன. அகாதெமியிலிருந்து பல்கலைக்கழக வாழ்வுக்குத் திரும்பும் வழி மிகக் குறுகியது.

பட்டதாரிகளுக்கு ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு இருக்கிறது. பொறியியல் பட்டதாரிகளுக்குத் தனி நுழைவுத் திட்டம் இருக்கிறது. தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் பெற்றவர்கள் எழுத்துத் தேர்வு இன்றியே ஆளுமைத் தேர்வுக்குச் செல்ல ஒரு திட்டம் இருக்கிறது. 1963 முதல் செயல்படும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமி இப்படிப் பட்டம் பெற்று வருபவர்களுக்கானது. 1992 முதல் பெண்களும் அங்கு பயிற்சி பெறுகின்றனர். அங்கிருந்து வரும் குறுகிய காலப் பணி அதிகாரி, பத்தாண்டுகளுக்குப் பிறகு விலகவோ, தொடரவோ முடிவெடுக்கலாம். காஷ்மீரில் 2014இல் வீரமரணம் அடைந்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன், கல்லூரிப் படிப்பை முடித்த பிறகு பரங்கிமலை வழியாகவே 2006இல் ராணுவ அதிகாரியானார். பதினேழு வயதில் கடக்வாஸ்லாவுக்குச் செல்லாததால் நாட்டுப்பணிக்கான வாய்ப்பு முடிந்துபோவதில்லை.

பொருளியலில் இதைத் தெரிவுரிமையின் மதிப்பு என்பர். எதிர்காலம் தெளிவாகத் தெரியாதபோது, பின்னர் மாற்றிக்கொள்ளத்தக்க முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு. பதினேழு வயது மலைவாழ் மாணவர் பொறியாளர், ஆட்சிப் பணியாளர், நீதிபதி, ஆய்வாளர் ஆகிய எவரையும் அருகிலிருந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. தம் விருப்பம் எது என்பதைக் கண்டறியவே அவருக்குச் சில ஆண்டுகள் வேண்டும். புலியூர்ப் பெண்ணுக்குச் சட்டப் பட்டம் திறந்துவிட்ட கதவு, பள்ளி வயதில் அவரது கண்ணுக்குத் தெரிந்திருக்குமா என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே, இரண்டு இடங்களும் ஒருவருக்குக் கிடைத்து, சீருடையின் மீது அவருக்கு ஐயமற்ற விருப்பம் இல்லாவிட்டால், பல்கலைக்கழகத்தை முதலில் தெரிவு செய்வதே அறிவுடைமை. ராணுவ வாழ்வே தம் வாழ்வு என்று தெளிந்தவர்களுக்கு இந்த அறிவுரை தேவையில்லை. அவர்களுக்குக் கடக்வாஸ்லாவைவிடச் சிறந்த இடம் வேறில்லை. குடும்பத்துக்கு உடனடியாக ஓர் ஊதியம் தேவைப்பட்டு, வேறு ஆதரவே இல்லாத நிலையிலும் அகாதெமியின் உறுதியான வருமானம் தெரிவின் தராசைச் சாய்க்கலாம். அந்த முடிவைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை.

சிப்பாய்க்குத் தமிழ், அதிகாரிக்கு?

இதுவரை சொன்னவை, இரண்டு வாயில்களும் திறந்திருப்பதாகக் கொண்டு சொன்னவை. ஜவ்வாது மலையில் நின்று பார்த்தால் அவை திறந்திருக்கவில்லை.

தேசிய பாதுகாப்பு அகாதெமித் தேர்வின் வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உள்ளன. 900 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300; ஆங்கிலத்துக்கு 200; எஞ்சியவை அறிவியலும் பொது அறிவும். ஆங்கிலத் திறனைச் சோதிக்கத் தனிப் பகுதியே இருக்கும்போது, கணிதத்தையும் இயற்பியலையும் தமிழில் கற்ற மாணவர் அவற்றையும் அயல்மொழியிலேயே எதிர்கொள்ள வேண்டியுள்ளது. இந்தி வட்டாரத்து மாணவருக்கு இந்தச் சுமை இல்லை. அடுத்த 900 மதிப்பெண்ணுக்கான ஆளுமைத் தேர்வில் குழு விவாதமும் நேர்காணலும் உண்டு. ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசுபவர் அங்கு முந்திவிடுகிறார்.

இதனுடன் இன்னொன்றை ஒப்பிடுங்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் நடத்தப்படுகிறது. அக்னிவீரர் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதும் வசதி 2025இல் வந்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, சிப்பாயாக வருபவர் தமிழில் எழுதலாம், அதிகாரியாக வர விரும்புபவர் எழுதக் கூடாது என்ற பொருள் வந்துவிடுகிறது. எவரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. விளைவு மட்டும் திட்டமிட்டதுபோல் இருக்கிறது.

இந்த விளைவு வட தமிழகத்தில் கண்கூடு. ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டிய வேலூர் மாவட்டம் படைவீரர்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கம்மவான்பேட்டையை மக்கள் 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கின்றனர். தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய்களைத் தந்த நிலம் இது. இந்த நிலத்தின் இளைஞர்களுக்கு இப்போது எளிதில் எட்டும் வாயில் 2022இல் அறிமுகமான அக்னிபத் திட்டம். அதில் நான்காண்டுப் பணிக்குப் பின் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிரந்தரமாக்கப்படுவர். முதல் அணியினரின் நான்காண்டுகள் 2026 இறுதியில் நிறைவுறத் தொடங்குகின்றன. வியட்நாம் போருக்குக் குலுக்கல் முறையில் அழைக்கப்பட்ட அமெரிக்க இளைஞர்களை ஆராய்ந்த ஜோஷுவா ஆங்ரிஸ்ட், படையில் பணியாற்றிய வெள்ளையர்களின் வருமானம் 1980களின் தொடக்கத்தில்கூட, பணியாற்றாதவர்களைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக இருந்ததைக் கண்டார். காலமும் நாடும் வேறு. ஆனாலும், இளமையின் சில ஆண்டுகளைப் படைக்குத் தந்துவிட்டுத் திரும்புபவருக்கு வெளியுலகம் தானாக ஈடுகட்டிவிடாது என்ற எச்சரிக்கை அதில் உண்டு. அகாதெமியும் ஐஐடியும் எட்டாத இடத்தில் எஞ்சும் தெரிவு இதுதான்.

ஐஐடி வாயிலிலும் மொழித் தடை முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஜேஇஇ முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழில் எழுத முடிகிறது. அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு தேர்வு இன்றும் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே. எனினும், அங்கே இடஒதுக்கீடு இருக்கிறது. சிறிய இடைவெளியில் வாய்ப்பைத் தவறவிடும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்த்துத் தயார்ப்படுத்தும் ஏற்பாடும் இருக்கிறது. பாதுகாப்பு அகாதெமியில் இரண்டும் இல்லை.

தகுதியில் சமரசம் செய்யாமல்

படைகளில் தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும், அங்கே சலுகைக்கு இடமில்லை என்ற வாதம் உடனே எழும். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். உயிர்களைப் பொறுப்பேற்கும் அதிகாரியின் தேர்வில் அளவுகோலைத் தளர்த்த வேண்டும் என்று இங்கு கோரவில்லை. அளவுகோலின் முன் நிற்பதற்கே சிலருக்கு வழியில்லை என்பதுதான் கோரிக்கையின் அடிப்படை.

இந்தக் கொள்கையை அரசே ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டுள்ளது. அகாதெமிக்கு மாணவர்களை உருவாக்கித் தருவதற்காகவே தொடங்கப்பட்டவை சைனிக் பள்ளிகள்; தமிழ்நாட்டில் 1962 முதல் அமராவதி நகரில் ஒன்று இயங்குகிறது. அங்கும் டேராடூனின் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியிலும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. பதினோரு வயதில் அந்தப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்படாத மலைக் குழந்தைக்கு, அடுத்த படியிலேயே மொழித் தடை குறுக்கிடுகிறது.

கட்டளையிடும் அதிகாரிக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரிந்திருக்க வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. தெரிந்திருக்க வேண்டும். ஆனால், மொழியைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதில் இந்திய ராணுவத்தைவிட நம்பிக்கை மிக்க நிறுவனம் வேறில்லை. படைப்பிரிவில் சேரும் இளம் அதிகாரி தம் வீரர்களின் மொழியைக் கற்க வேண்டும் என்பது அதன் நெடுநாள் மரபு. 1758இல் தோன்றிய மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வடக்கிலிருந்து வரும் அதிகாரி தென்னிந்திய மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமென்றால், தெற்கிலிருந்து வரும் பயிற்சி மாணவர் மூன்றாண்டுகளில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தேர முடியாதா? இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பு 1979 முதல் இருக்கிறது. அதனால் ஆட்சிப் பணியின் தரம் குறைந்துவிட்டதாக எவரும் நிறுவியதில்லை.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பாதுகாப்பு அகாதெமித் தேர்வின் கணிதத் தாளையும் பொது அறிவுப் பகுதியையும் எட்டாவது அட்டவணை மொழிகளில் வழங்க வேண்டும். ஆங்கிலப் பகுதி இப்போதுள்ளபடியே தொடரலாம். காவலர் தேர்வுக்கு மொழிபெயர்க்க முடிந்த அரசுக்கு இது பெரும் பணியன்று. இதே நடைமுறையை ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வுக்கும் சைனிக் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்கும் விரிவாக்க வேண்டும்.

இரண்டாவது, மாநில அரசு செய்யக் கூடியது. மகாராஷ்டிர அரசு 1977இலேயே ஔரங்காபாதில் பாதுகாப்புப் பணிகளுக்கான ஆயத்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பை முடித்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுகள் தங்கவைத்து, பள்ளிப் படிப்புடன் அகாதெமித் தேர்வுக்கும் அது பயிற்றுவிக்கிறது. 2023இல் நாசிக்கில் பெண்களுக்கும் அத்தகைய நிறுவனத்தை அந்த மாநிலம் தொடங்கியது. பஞ்சாபில் மொஹாலியில் 2011 முதல் இதுபோன்ற நிறுவனம் இயங்குகிறது. இதே முறையில் ஒன்றை வேலூர் அல்லது திருவண்ணாமலை மாவட்டத்தில் தமிழ்நாடு அமைக்கலாம். ஜவ்வாது, கல்வராயன், பச்சைமலை, ஏலகிரி ஆகிய மலைகளின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்து குறிப்பிட்ட இடங்களை நிரப்பலாம். உடல் உரத்துக்கு இந்தப் பிள்ளைகளிடம் குறைவில்லை. குறைவாக இருப்பது பயிற்சியும் தகவலுமே. அங்கு இரண்டாண்டு படிப்பவர் அகாதெமித் தேர்வில் தோற்றாலும், அதே கணிதமும் இயற்பியலும் ஜேஇஇ தேர்வுக்குக் கைகொடுக்கும். ஒரே முதலீட்டில் இரண்டு வாயில்களையும் எட்ட முடியும்.

மூன்றாவது, உள்ளே நுழைந்தவர்களைக் கைவிடாதிருத்தல். ஐஐடியில் சேரும் முதல் தலைமுறை மாணவருக்கு முதல் இரண்டு பருவங்களில் மொழிப் பயிற்சியும் துணை ஆசிரியரும் கட்டாயம் வேண்டும். அகாதெமிப் பயிற்சியில் ஊனமுறுபவருக்கு மருத்துவத்துடன் மறுவாழ்வு வேலையும் உயர்கல்வி இடமும் சட்டப்படி உறுதியாக வேண்டும். கீழே விழுந்தால் தாங்குவதற்கு ஏதோ ஒன்று உண்டு என்ற உறுதி இல்லாமல், வறிய குடும்பம் தன் ஒரே பிள்ளையை எந்த உயரத்துக்கும் அனுப்பத் துணியாது.

ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. அக்காலத்தில் ஆசியாவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று அது. அதன் வெண்ணிறக் குவிமாடத்தைப் பார்த்தபடியே மலைக் கிராமங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கின்றனர். ஒரு நிறுவனம் கண்ணெதிரே இருப்பதும், அதன் உள்ளே செல்லும் வழி தெரிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த மலை நாற்பது ஆண்டுகளாக அறிந்திருக்கிறது. அரசுப் பழங்குடியினர் பள்ளி ஒன்றின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, இரண்டு சேர்க்கைக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு எதை ஏற்பது என்று தன் தாய் தந்தையருடன் விவாதிக்கும் நாள் வர வேண்டும். அவர் எதைத் தெரிவு செய்கிறார் என்பது அவரது விருப்பம். அந்த இரண்டு கடிதங்களும் அவர் கைக்கு வந்து சேரும்படி செய்வது அரசுகளின் கடமை.